இரண்டாவது ஸ்விட்ச் வைத்து வைஃபையைப் பின்வீடு வரை கொண்டுபோவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்து வீடுகள் பெரும்பாலும் பின்பக்கமாக வளர்கின்றன. முன்னால் பழைய ஓட்டு வீடு, அதையொட்டி ஒரு கான்கிரீட் வார்ப்பு, மேலே மாடி, அதே விளையில் (தோட்டத்து மனையில்) சற்றுத் தள்ளித் தம்பி வீடு. ஃபைபர் கனெக்‌ஷன் வந்து நிற்பதோ முன் ஹாலில். மாடியறையில் இருப்பவர் ஜன்னலோரம் போனை நீட்டிக்கொண்டு நிற்பார். பின்வீட்டில் சுத்தமாகக் கிடைக்காது. கன்னியாகுமரி, முட்டம் பக்கத்துச் சிறிய லாட்ஜுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் இதே கதைதான்.

இதற்கு ரிப்பீட்டர் வாங்கி மாட்டுவதைவிட, வயர் இழுத்து இரண்டாவது நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு வயரில் வரும் நெட்டைப் பல வயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்றை வைத்து, அதிலிருந்து ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு (வயரில் வரும் நெட்டை வைஃபையாக வீசும் கருவிகளுக்கு) கொடுப்பதே நின்று பேசும் வேலை. சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஆக்சஸ் பாயிண்டை முதலில் மாட்டி, பெயர் வைத்து, பாஸ்வேர்டு போட்டு, அப்புறம் “நெட் வரல்லியே” என்று பின்னோக்கித் தேடுவார்கள். அந்த நேரத்தில் பழுது வயரிலா, ஸ்விட்சிலா, முகவரியிலா, வைஃபையிலா என்று கண்டுபிடிப்பது பெரிய பாடு. முதலில் வயர், பிறகு ஸ்விட்ச், பிறகு முகவரி, கடைசியில் வைஃபை. ஒன்று உறுதியான பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

1. கடைக்குப் போகும் முன் தாளில் வரையுங்கள்

ஃபைபர் பெட்டி, ரவுட்டர், இப்போதுள்ள ஸ்விட்ச், வரப்போகும் ஸ்விட்ச், ஆக்சஸ் பாயிண்டுகள், கேமரா ரெக்கார்டர், டிவி எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கோடிழுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனையிலும் ஒரு போர்ட் (வயர் சொருகும் வாய்) செலவு. இரண்டு ஸ்விட்சுகளையும் இணைக்கும் கோட்டுக்கும் அப்படியே. 5 போர்ட் ஸ்விட்ச் வாங்கினால் பின்வீட்டுக்கு மிச்சம் 4 தான். இரண்டு ஆக்சஸ் பாயிண்ட், ஒரு டிவி, ஒரு ரெக்கார்டர் மாட்டியதும் தீர்ந்தது. 8 போர்ட்டாகவே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது தூரம். செம்பு வயரில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 100 மீட்டர்தான் கணக்கு. சுவரில் ஏறி இறங்குவது, சுற்றிப்போவது எல்லாம் அதில் சேரும். கண்ணால் பார்க்கும் நேர் தூரத்தை நம்பாதீர்கள். வயர் போகும் வழியில் டேப்பைப் பிடித்துப் பாருங்கள். ஸ்விட்சைத் தாண்டியதும் 100 மீட்டர் புதிதாகத் தொடங்கும். அதனால் இரண்டாவது ஸ்விட்சை முதல் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே வைப்பதில் பயனில்லை. அது யாருக்காக வருகிறதோ அந்தப் பகுதியின் நடுவில் இருக்கட்டும்.

நாளைக்கு மூன்றாவது ஸ்விட்ச் வந்தால் அதை இரண்டாவதிலிருந்து தொங்கவிடாமல் முதல் ஸ்விட்சிலிருந்தே நேராகக் கொண்டுவருவது நல்லது. சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் நடுவில் ஒன்று போனதும் அதற்கு அப்பால் எல்லாமே போகும்.

2. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

வயர்: கேட் 6, முழுச் செம்பு. பெட்டியில் கேட் 6 என்று எழுதி, உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம் வைத்து விற்பது சகஜம். ஒரு துண்டு வெட்டி வாங்கி, உள்கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதில் கரண்டும் சேர்த்து அனுப்பினால் வோல்டேஜ் இறங்கும், கம்பி சூடாகும், வளைத்த இடத்தில் ஒடியும். வெளியில் போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வயர் வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற வயரைக் கூரையோரம் விட்டால் வெயிலில் உறை வெடித்து, மழையில் தண்ணீர் உள்ளே ஊறும்.

ஸ்விட்ச்: இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். “அண்ணே, பிஓஇ ஸ்விட்ச் ஒண்ணு வேணும்” என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் கேமராவுக்கு விற்கும் ஸ்விட்சை எடுத்து வைப்பார். வயர் வழியாகவே கரண்ட் கொடுக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த ரகத்தில் பலவற்றில் கரண்ட் தரும் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. கேமராவுக்கு அது தாராளம். 200, 300 எம்பிபிஎஸ் கனெக்‌ஷனுக்குப் போதாது. எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

கரண்ட் கணக்கையும் அதே அட்டையில் பார்க்கலாம். பிஓஇ தரங்களில் 802.3ஏஎஃப் வகையில் ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரும், 802.3ஏடி வகையில் 30 வாட். ஆனால் ஸ்விட்ச் மொத்தமாகத் தரக்கூடியது 65 வாட் என்றிருந்தால், 8 போர்ட்டிலும் 15 வாட் கிடைக்காது. மாட்டப்போகும் கருவிகளின் வாட்டைக் கூட்டி, கால்வாசி மிச்சம் இருக்கும்படி வாங்குங்கள்.

ஆக்சஸ் பாயிண்ட்: ஸ்விட்ச் எந்த வகையோ அதே வகைதானா என்று பாருங்கள். சில பழைய மாடல்கள் 24 வோல்ட் பாசிவ் முறையில் ஓடுபவை. 802.3ஏஎஃப் ஸ்விட்ச் எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் கரண்ட் அனுப்பும். பாசிவ் கருவியை மாட்டினால் பேசாமல் இருந்துவிடும். பாசிவ் அடாப்டருக்கு அந்த விசாரணையே கிடையாது. அதைத் தவறான கருவியில் சொருகினால் கருவி கருகவும் செய்யலாம்.

இவை தவிர கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், கேட் 6க்கான ஆர்ஜே 45 கனெக்டர், வயர் சொருகும் போர்ட் உள்ள ஒரு லேப்டாப். லேப்டாப் இல்லாமல் தொடங்காதீர்கள். வெறும் போனை வைத்துக்கொண்டு வயரைச் சோதிக்க முடியாது.

3. வயரை இழுப்பது

வேலையில் பாதி இதுதான். இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே போகிற அந்த ஒற்றை வயரின் தரம்தான் பின்வீட்டின் மொத்த நெட்டின் தரம்.

இழுக்கும்போதே இரண்டு வயராக இழுத்துவிடுங்கள். ஒன்று இப்போதைக்கு, இன்னொன்று எலி கடித்தால் எடுத்துக்கொள்ள. பைப்பில் பிறகு ஒன்று நுழைப்பது படாத பாடு. இரண்டாவதன் முனையைச் சுருட்டி டேப் ஒட்டி வைத்துவிடுங்கள். ஸ்விட்சில் சொருக வேண்டாம். ஏன் என்பது 6ஆவது பகுதியில் வருகிறது.

மின்சார வயர் போகிற பைப்பில் இதை நுழைக்காதீர்கள். எலெக்ட்ரீசியன் “இதுலேயே விட்டுரலாம்” என்பார், விடாதீர்கள். இரைச்சல் ஏறும் என்பது ஒரு பக்கம், உறை உரிந்தால் 230 வோல்ட் நெட் வயரில் ஏறும் என்பது இன்னொரு பக்கம். தனி பைப் போடுங்கள். கரண்ட் வயரைக் கடந்தே தீர வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும், பக்கவாட்டில் சேர்ந்து ஓட வேண்டாம்.

வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் இடத்தில் வயரை நேராக நுழைக்காமல், துளைக்குக் கீழே ஒரு முழம் தொங்கவிட்டு மேலேற்றி நுழையுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டுமே பெய்கிற ஊரில் இந்த ஒரு வளைவு பல போர்ட்டுகளைக் காப்பாற்றும்.

ஒரே வீட்டுக்குள் மாடிக்குப் போவதென்றால் செம்பு போதும். விளைக்குள் தனியாக நிற்கும் இன்னொரு வீட்டுக்கு என்றால் ஃபைபர் போடுவதே என் கட்சி. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி எர்த். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் எகிறும். அதைச் சமன்செய்ய மின்சாரம் தேடும் வழி உங்கள் செம்பு வயர். இரண்டு பக்க ஸ்விட்சும் சேர்ந்து போகும். சித்திரை, வைகாசி மாதங்களிலும் ஐப்பசியிலும் சாயங்கால இடி இங்கே வழக்கமாகையால் இதை அசட்டையாக விட முடியாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் என்றால் காற்றும் சேர்ந்துகொள்ளும்: மரத்துக்கு மரம் கட்டிய வயர் ஆடி ஆடியே உள்ளே ஒடியும். மண்ணுக்குள் பைப் புதைத்துக் கொண்டுபோங்கள்.

ஃபைபருக்கு இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் செம்பு வயரையும் இணைக்கும் பெட்டி) வேண்டும், அல்லது எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபருக்கான மாட்யூல் சொருகும் இடம்) உள்ள ஸ்விட்சுகள். ஒற்றை இழையில் ஓடும் கன்வர்ட்டர்கள் ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மற்றது 1550இல் அனுப்பும். இரண்டும் ஏ என்று வாங்கிவந்தால் லிங்க் லைட் எரியவே எரியாது. இழையோடு இழுவைக்காக இரும்புக் கம்பி வரும் ரகமானால், அந்தக் கம்பியை வெளிச்சுவரிலேயே நறுக்கி நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே எடுங்கள். கம்பியையும் உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்ட பலனே போய்விடும்.

4. முனை அடிப்பது

இரண்டு முனையிலும் ஒரே வரிசை. இங்கே எல்லோரும் அடிப்பது டி568பி என்ற நிற வரிசை. கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

தவறு நடப்பது நடுவில். பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடியைச் சுற்றி உட்கார வேண்டும். புதிதாக அடிப்பவர்கள் பச்சை இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இரு முனையிலும் அப்படியே அடித்தால் சாதாரண டெஸ்டரில் 8 விளக்கும் வரிசையாக எரியும், ஆனால் ஜோடி கலைந்திருப்பதால் வேகம் வராது. டெஸ்டரை நம்பும் முன் கனெக்டருக்குள் எட்டிப் பார்த்து நிறங்களைப் படியுங்கள்.

முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். வெளி உறை கனெக்டருக்குள் போய், கிளிப் அதைக் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். உறை வெளியே நின்று வண்ணக் கம்பிகள் மட்டும் உள்ளே போயிருந்தால் நறுக்கித் தூரப் போட்டுவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

5. ஸ்விட்சை முதலில் மேசையில் வைத்துப் பாருங்கள்

சுவரில் மாட்டும் முன், இரண்டாவது ஸ்விட்சை முதல் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு சிறிய வயரால் இணையுங்கள். லேப்டாப்பை இரண்டாவதில் சொருகுங்கள். நெட் வருகிறதா? லிங்க் ஜிகாபிட் என்று காட்டுகிறதா? இரண்டுக்கும் ஆமென்றால் ஸ்விட்ச் நல்லது. இப்போது அதைப் பின்வீட்டுக்கு எடுத்துப்போய் நீள வயரில் மாட்டி அதே சோதனை. இங்கே வேகம் 100க்கு இறங்கினால் குற்றவாளி நீள வயர்தான், வேறெங்கும் தேட வேண்டாம். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல, பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டாலும் பெரும்பாலான ஸ்விட்சுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். முனையைத் திரும்ப அடியுங்கள்.

கிராஸ் வயர் வேண்டுமா என்ற கேள்வி இன்னும் வருகிறது. வேண்டாம், இப்போதைய ஸ்விட்சுகள் தாமே சரிசெய்துகொள்ளும். அப்லிங்க் என்று எழுதிய போர்ட் இருந்தால் முதல் ஸ்விட்சிலிருந்து வரும் வயரை அதில் கொடுங்கள். அது பெரும்பாலும் கரண்ட் தராத போர்ட். ஆக்சஸ் பாயிண்டை அங்கே மாட்டிவிட்டு “செத்துப்போச்சு” என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு.

கேமரா ரக ஸ்விட்சாக இருந்தால் முகப்பில் ஒரு குட்டி நகர்த்தி இருக்கும். எக்ஸ்டெண்ட் என்றிருப்பதை வைஃபையை நீட்டிக்கும் வசதி என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். அது கேமராவை 250 மீட்டர் வரை ஓட்டுவதற்காகப் போர்ட்டின் வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்குவது. விலான் அல்லது ஐசொலேஷன் என்ற இன்னொரு நிலை, போர்ட்டுகளை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் செய்யும். நெட் வரும், ஆனால் டிவிக்குப் போனிலிருந்து படம் அனுப்ப முடியாது. நகர்த்தியை டீஃபால்ட்டிலேயே விட்டுவிடுங்கள்.

6. லூப்: மொத்த வீட்டையும் படுக்கவைக்கும் ஒரே வயர்

இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டு வயர் மாட்டினால் இரட்டை வேகம் கிடைக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சாதாரண ஸ்விட்சில் கிடைப்பது வேறு. எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் செய்தி ஒரு வயரில் போய் மற்ற வயரில் திரும்பி வரும், மறுபடி போகும். அதை நிறுத்த அந்த ஸ்விட்சில் எந்த ஏற்பாடும் இல்லை. சில நொடிகளில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடக்கும், முன்வீட்டு நெட்டும் சேர்ந்து சாகும்.

இதே லூப் மறைமுகமாகவும் வரும். ரிப்பீட்டர் மோடில் இருக்கும் பழைய கருவிக்கு வயரும் கொடுத்துவிட்டால், காற்றில் ஒரு வழி, வயரில் ஒரு வழி. சுவர் ஜாக்கில் தொங்கும் வயரை யாரோ “கழண்டு கிடக்கே” என்று எடுத்து ஸ்விட்சில் சொருகினாலும் அதேதான். விளக்குகள் எல்லாம் சேர்ந்து துடிப்பதைக் கண்டால் இரண்டாவது ஸ்விட்சின் வயர்கள் அத்தனையையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் துடிக்கத் தொடங்குகிறதோ அதைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

7. முகவரி கொடுக்க ஒரே பெட்டி

ஒவ்வொரு போனுக்கும் ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலை முன்வீட்டு ரவுட்டருடையது. ஆஸ்பத்திரியில் இரண்டு கவுண்டரில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகுமோ, இரண்டு பெட்டிகள் முகவரி கொடுத்தாலும் அதுதான் ஆகும்: சில போனில் வரும், சிலதில் வராது, காலையில் வந்தது சாயங்காலம் வராது.

புதிய ஆக்சஸ் பாயிண்ட் இந்தத் தொல்லை தராது. வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றும்போதுதான் வரும். அதில் ஏபி (ஆக்சஸ் பாயிண்ட்) மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் இந்த வரிசை. லேப்டாப்பை அந்த ரவுட்டரில் மட்டும் மாட்டுங்கள். அதன் லேன் (வீட்டுக்குள் பயன்படும்) முகவரியை முதலில் மாற்றுங்கள்: முன்வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. புதிய முகவரியில் திரும்ப உள்ளே நுழைந்து, கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். முதலிலேயே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் அந்தப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். முடிந்ததும் ஸ்விட்ச் வயரை லேன் போர்ட்டில் சொருகுங்கள். வேன் (வெளி லைனுக்கான) போர்ட்டில் சொருகினால் பின்வீடு தனி நெட்வொர்க்காகப் பிரிந்து, முன்வீட்டு பிரிண்டரும் கேமராவும் கண்ணுக்குத் தெரியாது.

முன்வீட்டு ரவுட்டரில் முகவரி வழங்கும் எல்லையை 192.168.1.50இலிருந்து தொடங்கும்படி வையுங்கள். அதற்குக் கீழுள்ளவை ஸ்விட்சுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும். லாட்ஜ் என்றால் லீஸ் நேரத்தையும் (ஒரு போனுக்குக் கொடுத்த முகவரியை ஒதுக்கிவைக்கும் நேரம்) குறையுங்கள். சூரியோதயம் பார்த்துவிட்டுக் காலையிலேயே அறையைக் காலி செய்தவர்களின் போன்கள் நாள் முழுக்க முகவரியைப் பிடித்துவைத்திருக்கும்; சீசனில் மதியம் வருபவர்களுக்கு மிஞ்சாது. விருந்தினர் வைஃபையையும் பில் போடும் கம்ப்யூட்டரையும் பிரிக்க விலான் (ஒரே வயரில் தனித்தனி நெட்வொர்க்குகள்) தேவை என்றால் மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றக்கூடியது) இரண்டு முனையிலும் வேண்டும்.

8. இப்போதுதான் வைஃபை

ஆக்சஸ் பாயிண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒன்றை மாட்டி, அதனடியில் நின்று வேகம் பார்த்து, பிறகே அடுத்தது.

பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் நீங்கள் நடக்க நடக்கப் போன் தானே ஆக்சஸ் பாயிண்ட் மாறும். சேனல் மட்டும் வேறு வேறு: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காதவை, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 ஜிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் வார்ப்பைத் தாண்டுவது கஷ்டம். மாடிக்குத் தனி ஆக்சஸ் பாயிண்ட் என்றே கணக்குப் போடுங்கள்.

பவரை முழுதாக ஏற்றி வைக்காதீர்கள். எந்த ஆக்சஸ் பாயிண்டைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன். முன்வீட்டு ரவுட்டர் பலமாகக் கத்திக்கொண்டிருந்தால், பின்வீட்டுக்கு வந்த பிறகும் போன் அதையே பிடித்துத் தொங்கும். நடுத்தரத்தில் வைத்துப் பாருங்கள்.

9. கரண்ட் போனால்

முன்வீட்டில் ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் இருக்கும். அது 12 வோல்ட் சாமான். பிஓஇ ஸ்விட்சின் அடாப்டர் பெரும்பாலும் 48 முதல் 54 வோல்ட் வரை. மினி யுபிஎஸ்ஸில் ஓடாது. இரண்டாவது ஸ்விட்சுக்கு இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக் பாயிண்ட் வேண்டும், நடுவில் மீடியா கன்வர்ட்டர் இருந்தால் அதற்கும். ஆக்சஸ் பாயிண்டுகள் ஸ்விட்சிலிருந்தே கரண்ட் எடுப்பதால் அவை தாமாக ஓடும்.

10. சோதனை, பெயர்ச்சீட்டு

பின்வீட்டில் லேப்டாப்பை வயரில் மாட்டி 192.168.1.1க்கு (முன்வீட்டு ரவுட்டர்) தொடர்ச்சியாகப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். வீட்டுக்குள் வயரில் பதில் 1 மில்லிசெகண்ட் அளவில் வர வேண்டும், ஒன்றுகூட விழக்கூடாது. அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு. முதலாவது சரி, இரண்டாவது விழுகிறது என்றால் பழுது உங்கள் வேலையில் இல்லை, வெளி லைனில். புகார் கொடுக்கும்போது இதைச் சொன்னால் “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்ற சுற்றைத் தாண்டலாம்.

ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். முதல் பகுதியில் வரைந்த தாளில் அந்த எண்களையும் ஐபி முகவரிகளையும் குறித்து, ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள். கடலோரமாக இருந்தால் சும்மா கிடக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடிக்கும். பைப் பெட்டிக்குள் நுழையும் துளையையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல்லியும் எறும்பும் குடிவரும்.